எண்பதாவது கம்பம்

ஆர்லி டகெட்டின் வீட்டையும் பக்கத்து ப்ரூயிட்டின் வீட்டையும் கட்டியவன் ஒரே தச்சன். ரயிலில் வந்து இறங்கிய ஒரே மரம், ஒரே வருஷம். இரண்டுக்கும் தெற்குப் பார்த்த வாசல், மூன்று படி, நுழைந்ததும் கூடம், வலது கைப்பக்கம் படுக்கையறை. தச்சன் சுத்தச் சோம்பேறி. ஒரு வீட்டுக்கு எடுத்த அளவை அடுத்த வீட்டுக்கு மாற்றுவானேன் என்று விட்டுவிட்டான். சமையல் மூலையில் சுவரோடு சேர்த்து ஆணியடித்த மேசைகூட இரண்டு வீட்டிலும் அச்சுப் பிசகாமல் ஒன்றுதான்.

ஒரு தடவை ப்ரூயிட் எங்கேயோ காய்ச்சியதை மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்து, ஆர்லி வீட்டு மேசையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்து, ஆர்லியின் பெண்டாட்டி வெல்டாவைப் பார்த்து, "ஏண்டி, காப்பி எங்க?" என்று அதட்டினான். வெல்டா சத்தம் போடாமல் காப்பியை ஊற்றி வைத்துவிட்டு, "குடிச்சிட்டுக் கெளம்பு. உன் பொண்டாட்டி அந்த வீட்டுல கட்டையோட காத்துக்கிட்டிருக்கா" என்றாள். அமெரிக்காவில், ஓக்லஹோமாவின் மேற்குக் கோடியில் கோதுமை விளைந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க எல்லோருக்கும் தெம்பு இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் கடைசியாக நல்ல அறுவடை. அதற்குப் பிறகு மழை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. புல்லைப் புரட்டி உழுது போட்ட மண் நான்கு வருஷம் காய்ந்து மாவாகி எழுந்து பறந்தது. முதல் வருஷம் புழுதி என்றார்கள், இரண்டாம் வருஷம் புயல் என்றார்கள், அதற்குப் பிறகு பேர் வைப்பதை விட்டுவிட்டு, "இன்னிக்கு எந்தக் கலரு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். கன்சாஸ் மண் கறுப்பு, உள்ளூர் மண் சிவப்பு, நியூ மெக்சிகோ மண் சாம்பல். ஜன்னலுக்கெல்லாம் ஈரத்துணி கட்டினார்கள். மேசையில் தட்டையும் குவளையையும் கவிழ்த்தே வைத்தார்கள். அடுப்பிலிருந்து கரண்டி கிளம்பிய பிறகுதான் தட்டை நிமிர்த்த வேண்டும். அதற்கு முன்னே நிமிர்த்தினால் மண்ணோடுதான் தின்ன வேண்டும்.

பிப்ரவரியில் ப்ரூயிட் குடும்பம் கிளம்பிப் போனது. முப்பத்தைந்து ஏப்ரலில் அந்தப் பாதையில் புகை வந்துகொண்டிருந்தது ஆர்லியின் வீட்டில் மட்டும்தான்.

அன்று காலை ஆறு மணிக்கே சண்டை ஆரம்பித்துவிட்டது. சண்டை என்றால் புதிதாக ஒன்றுமில்லை, ஒன்பது மாதமாக நடப்பதன் மிச்சம்.

"டாயல் இன்னிக்கு வர்றான்" என்றாள் வெல்டா. டாயல் அவளுடைய தம்பி. சொந்தமாக ஒரு பழைய லாரி வைத்திருந்தான். கலிபோர்னியாவில் பருத்திக் காட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மூட்டை கட்டிக்கொண்டு வருகிறான்.

"வரட்டும். காப்பி குடிச்சிட்டுப் போகட்டும்."

"காப்பி குடிக்க நூறு மைல் வர்றானா அவன்? நான் சொல்லியாச்சு ஆர்லி. நீ வந்தா வா. வராட்டி நான் நோரினத் தூக்கிக்கிட்டுப் போறேன்."

உள்ளே படுக்கையில் நோரின் இருமினாள். ஆறு வயது. அந்த இருமல் காய்ந்த தோலைக் கிழிப்பதுபோல் இருக்கும். இந்தப் பிள்ளையைத் தூசியை விட்டு எடுத்துக்கொண்டு போங்கள், மருந்து என்னிடம் இல்லை என்று டாக்டர் கையை விரித்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் அந்த வட்டாரத்தில் அதே இருமலில் மூன்று பிள்ளைகளைப் புதைத்திருந்தார்கள்.

"ஜூன்ல மழை வந்துரும்" என்றான் ஆர்லி.

"எந்த ஜூன்ல?"

"இந்த வருஷ ஜூன்ல."

"போன வருஷமும் இதேதான் சொன்ன. வருஷத்த மட்டும் மாத்திக்கிட்டே இரு. மழையே வெக்கப்பட்டு வந்துரும்."

"நான் போயிட்டா ப்ரூயிட் நெலத்துல இருந்து வர்ற மண்ணு மொத்தமும் நம்ம நெலத்துல ஏறிடும் வெல்டா. காத்துக்குக் குறுக்க ஆழச்சால் உழுது வெச்சாத்தான் அது நிக்கும். நானும் விட்டுட்டுப் போனேன்னா கிழக்க இருக்கிறவன் தலையில போய் விழும்."

"மண்ணு எங்க நிக்கும்னு அவ்வளவு யோசிக்கிற. உன் புள்ளை நெஞ்சுல நிக்குதே, அதுக்கு எந்தச் சாலு போடப் போற?"

ஆர்லி எழுந்து வேலைக்குக் கிளம்பினான். இரண்டு கோவேறு கழுதைகளையும் பூட்டினான். வெல்டா கோபத்தோடுதான் இருந்தாள், ஆனாலும் சோள ரொட்டி இரண்டு துண்டும் அவித்த முட்டை ஒன்றும் நீலக்கட்டம் போட்ட துணியில் முடிந்து அவன் கோட்டுப் பையில் திணித்தாள்.

"வர்றதுக்குள்ள நான் போயிருந்தா தேடாத" என்றாள்.

அவன் கழுதைகளை அதட்டிக்கொண்டு போனான்.

கீழைக் கொல்லை வீட்டிலிருந்து கிழக்கே கால் மைல். வேலி ஓரமாகவே போய் வேலி ஓரமாகவே திரும்ப வேண்டும். அந்த வேலிக்கும் ஒரு கதை உண்டு. பழைய வேலியைப் போன இலையுதிர் காலத்துக்குள் மண் கழுத்துவரை மூடிவிட்டது. மாடுகள் அதன்மேல் ஏறி நடந்து போயின. ஆர்லி அதே மண்மேட்டின்மேல் புதுக் கம்பம் நட்டுப் புது முள்கம்பி இழுத்தான். கட்டைக்குப் பஞ்சம் என்பதால் கம்பங்களை எட்டி எட்டி நட்டான். பழைய வேலியில் கொல்லை வாசலிலிருந்து வீடு திரும்பும் இடம்வரை எண்பது கம்பம். புது வேலியில் ஐம்பது. வேலி அத்தோடு நிற்காமல் மேற்கே ப்ரூயிட் வீட்டுப் பக்கமாகவும் போனது.

தூசி எழுந்தால் தன் கையே தனக்குத் தெரியாது. அப்போது வேலிதான் வழி. ஆனால் கம்பியைக் கையால் தொடக்கூடாது. காற்றும் மண்ணும் உரசி உரசி முள்கம்பியில் மின்சாரம் ஓடும், முள்ளுக்கு முள் நீலப்பொறி தாவும். தொட்டவனைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் காய்ந்த கோடரிக் காம்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கம்பியில் உரசியபடியே நடப்பார்கள். கம்பம் வரும்போது காம்பு டக்கென்று இடிக்கும். ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டியதுதான். அவரவர் வீட்டுக்கு எத்தனை கம்பம் என்று அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். வீட்டுக்கு நேரான கம்பத்திலிருந்து வாசல் படிக்கு ஒரு கயிறு கட்டியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் வீடு.

பத்து மணிவாக்கில் வடக்கேயிருந்து பறவைகள் கூட்டமாக வந்தன. சத்தமே போடாமல் தெற்கே பறந்தன. ஆர்லி கலப்பையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அடிவானத்தில் ஒரு கறுப்பு மலை எழுந்து நின்றது. அந்த ஊரில் மலை கிடையாது.

கழுதைகளை அவிழ்க்கக்கூட நேரமில்லை. ஒரு வாரை அறுத்தான், இன்னொன்றை அவையே அறுத்துக்கொண்டு ஓடின. கோடரிக் காம்பை எடுப்பதற்கும் வெளிச்சம் அணைவதற்கும் சரியாக இருந்தது. சாயங்காலம்போல் மெல்ல மங்கவில்லை. விளக்கை ஊதி அணைத்ததுபோல் பட்டென்று போனது.

கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு கம்பியில் காம்பை வைத்து நடந்தான். ஒன்று. இரண்டு. மூன்று. மண் கன்னத்தில் ஊசி ஊசியாக இறங்கியது. வாயை மூடியிருந்தும் பல்லில் நறநறத்தது. நீலப்பொறிகள் கம்பியில் கொஞ்ச தூரம் ஓடி மறைந்தன. அவன் மனசில் எண்ணிக்கையும் காலைச் சண்டையும் மாறி மாறி ஓடின. இருபத்தெட்டு. மழை வந்துரும். இருபத்தொன்பது. எந்த ஜூன்ல? முப்பது.

ஐம்பதாவது கம்பத்தில் காம்பு எதிலோ சிக்கிக் கொஞ்சம் இழுத்தது. அது வீட்டுக் கயிற்றின் முடிச்சு. காற்றில் உருளும் முட்செடி வந்து மாட்டியிருக்கிறது என்று நினைத்து உதறிவிட்டு நடந்தான். பதினெட்டு வருஷமாக எண்ணிய எண் எண்பது. தானே ஆறு மாதத்துக்கு முன் நட்ட ஐம்பது அவன் தலையில் ஏறவேயில்லை. உயிர்ப்பயம் வந்தால் மனுஷனுக்குப் பழைய கணக்குதான் ஞாபகம் வரும்போலிருக்கிறது.

எண்பதில் நின்றான். கயிற்றைத் தேடிக் கையை வீசினான், அகப்படவில்லை. அறுந்து போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டு, வேலிக்கு முதுகைக் கொடுத்து நேராக நடந்தான். நாற்பது தப்படி. கால் படியில் இடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று படி. கதவு. அப்பாடா என்று உள்ளே விழுந்து கதவைச் சாத்தினான்.

"வெல்டா!"

பதில் இல்லை. உள்ளேயும் அதே இருட்டு. ஆனால் காற்று இல்லாத இருட்டு.

"வெல்டா! நோரின்!"

கோட்டுப் பையில் நான்கு தீக்குச்சி இருந்தது. ஒன்றைக் கிழித்தான். தூசிக்கு நடுவே வெளிச்சம் ஒரு கைப்பிடி அளவுதான் பரவியது. சுவரில் ஆணியடித்த மேசை தெரிந்தது. அதன்மேல் ஒன்றுமில்லை. நாற்காலி இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் புகைக்குழாய்க்கான ஓட்டை மட்டும் இருந்தது. குச்சி விரலைச் சுட்டது. தடவிக்கொண்டே படுக்கையறைக்குப் போனான். கட்டில் இல்லை. கதவு நிலையில் கையை வைத்தான். கத்தியால் கீறிய கோடுகள் விரலில் பட்டன. நோரின் வளர வளர அவன் கீறிவைத்த கோடுகள். எண்ணினால் ஏதோ கூட இருப்பதுபோல் தோன்றியது. அப்போது அதை யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

போய்விட்டாள்.

'அடுப்பக்கூட விட்டுவைக்கலையே இவ' என்று தோன்றி, அந்த இருட்டில் ஒரு சிரிப்புகூட வந்தது. பிறகு பயம் வந்தது. லாரி இந்தப் புயலில் வழியில் மாட்டியிருக்குமே! ஆனால் டாயல் விவரமானவன், காலையிலேயே கிளப்பியிருப்பான், இந்நேரம் டவுனைத் தாண்டியிருப்பார்கள் என்று அவனே அவனுக்குச் சொல்லிக்கொண்டான். அவ்வளவு சீக்கிரம் சமாதானம் ஆகிவிட்டான்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது என்னவென்று பிடிபட்டது. இருமல் கேட்கவில்லை. ஒன்பது மாதமாக அந்த இருமலைக் கேட்டுக்கொண்டுதான் தூங்கினான், அதைக் கேட்டுக்கொண்டுதான் தின்றான். இருமல் நின்றால் மூச்சு இருக்கிறதா என்று எழுந்து பார்ப்பான். இப்போது எழுந்து பார்க்க வேண்டியதில்லை. பிள்ளை நல்ல காற்றுக்குப் போய்விட்டது. 'எந்த ஜூன்ல' என்று கேட்கவும் ஆளில்லை. மழை வந்தாலும் வராவிட்டாலும் இனி அது அவனுக்கும் வானத்துக்கும் நடுவில்.

நெஞ்சில் ஒன்பது மாதமாக இறுக்கிக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்தது. அதற்கு நிம்மதி என்பதைத் தவிர வேறு பேர் இல்லை. இது துக்கப்பட வேண்டிய நேரமாயிற்றே, எனக்கென்ன கோளாறு என்று அவனுக்கே குழப்பமாக இருந்தது. துக்கத்தைத் தேடிப் பார்த்தான். வரவில்லை. பசிதான் வந்தது.

அலமாரியைத் துழாவினான். தட்டுகள் கையில் தட்டுப்பட்டன. ஒன்றை எடுத்து, மேசையில் கவிழ்த்து வைத்து, அதனடியில் முட்டையையும் ரொட்டியையும் மூடினான். தூசி கொஞ்சம் அடங்கியதும் தட்டைத் தூக்கிச் சாப்பிட்டான். முட்டையோட்டையும் நீலக்கட்டத் துணியையும் மேசையிலேயே போட்டான். கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, கைக்குழந்தை மாதிரி தூங்கினான். கடைசியாக அப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அவனுக்கே தெரியாது.

கண் விழித்தபோது ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். நாலு மணி இருக்கும். காற்று நின்றிருந்தது. முதலில் சுவரைப் பார்த்தான். சுவரில் ஒட்டியிருந்த செய்தித்தாள் அவனுடையது அல்ல. எழுந்து கதவு நிலையைப் பார்த்தான். கோடுகள் வரிசை வரிசையாக இருந்தன. பக்கத்தில் பென்சிலால் எழுதிய நான்கு பெயர்கள். நான்கும் ப்ரூயிட்டின் பிள்ளைகள்.

வெளியே எங்கோ இரும்பை அடிக்கும் சத்தம் கேட்டது. டங். டங். டங்.

படியில் வந்து நின்றான். கிழக்கே, கம்பங்களை வைத்துச் சொன்னால் முப்பது கம்ப தூரத்தில், அவன் வீடு இருந்தது. புகைக்குழாயில் புகை. வாசலில் லாரி. படியில் டாயல் நின்று வாணலியைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தான். அந்த முப்பது கம்பத்தையும் எப்படிக் கடந்தான் என்று ஆர்லியால் பின்னால் சொல்ல முடியவில்லை.

"வெல்டா! மச்சான் வந்துட்டாரு! உசுரோடதான் இருக்காரு!" என்று கத்தினான் டாயல்.

வெல்டா வந்தாள். அவள் அவன் தோளைத் தொட்டதும் பளிச்சென்று ஒரு பொறி பறந்து இருவரையும் சுண்டியது. அவள் கையை எடுக்கவில்லை. அவன் சட்டையைப் படார் படாரென்று தட்டினாள். தூசியைத் தட்டுகிறாளா அவனை அடிக்கிறாளா என்று சொல்வது கஷ்டம். அவள் வலது உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் உடைந்திருந்தது.

"ஆறு மணி நேரம் மச்சான். சத்தத்தக் கேட்டாவது வருவீங்கன்னு வாணலியே சொட்டையாப் போற அளவுக்கு அடிச்சிருக்கோம்" என்றான் டாயல். "எங்க இருந்தீங்க?"

"கலப்பைக்கு அடியில" என்றான் ஆர்லி. எப்படி வாயில் வந்ததோ வந்துவிட்டது. "கோட்டத் தலையில போட்டுக்கிட்டுப் படுத்துட்டேன்."

"ஆறு மணி நேரமா?"

"நகர முடியல."

வெல்டா அவன் காதைப் பார்த்தாள். ஆறு மணி நேரம் கொல்லையில் கிடந்தவனுக்குக் காதுக்குள் கோதுமை விதைக்கிற அளவு மண் இருக்க வேண்டும். பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே எல்லாம் இருந்தது. அடுப்பு, கட்டில், ஈரத்துணிக் கூடாரத்துக்குள் நோரின். மேசையில் நான்கு தட்டு கவிழ்ந்திருந்தன.

"அப்பா, கழுதைங்க மட்டும் வந்துச்சு. உங்கள எங்க விட்டுட்டு வந்தீங்கன்னு நான் கேட்டேன்" என்றாள் நோரின். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அவன் கட்டிலருகே மண்டியிட்டுப் பிள்ளையின் முதுகைத் தடவினான். ஒவ்வொரு இருமலும் அவன் தூங்கிய தூக்கத்துக்குக் கிடைத்த அறையாக விழுந்தது.

"போலாம்" என்றான்.

வெல்டா அடுப்பிலிருந்து திரும்பினாள். "எங்க?"

"கலிபோர்னியாவுக்கு. நாளைக்குக் காலையில."

"மழை வருமே ஜூன்ல?"

"வரட்டும்."

"ஆழச்சால்?"

"கெடக்கட்டும் வெல்டா."

ஒன்பது மாதம் கேட்டும் கிடைக்காதது ஒரு வார்த்தையில் கிடைத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது! அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னாச்சு உனக்கு? தலையில ஏதும் அடிபட்டுச்சா?"

"அடியெல்லாம் இல்ல."

"அக்கா, சரின்னவரக் குறுக்கு விசாரணை பண்ணிக் கலைச்சிராத" என்றான் டாயல். "மனசு மாறுறதுக்குள்ள கட்டிலக் கழட்டு."

மறுநாள் காலை வானம் நீலமாக, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி இருந்தது. படுக்கை, தையல் மெஷின், இரண்டு பெட்டி, பீன்ஸ் மூட்டை, மாவுத் தகரம் எல்லாம் லாரியில் ஏறின. கழுதைகளை வடக்கே இருக்கும் ஒரு விவசாயி வந்து ஓட்டிப் போனார். ஆழச்சால் கலப்பை பாதி மண்ணில் புதைந்து கொல்லையிலேயே நின்றது. டாயல் லாரிக்குப் பின்னால் தரையில் இழுபடும்படி சங்கிலியைக் கட்டினான். வழியில் புழுதி வந்தால் வண்டியில் ஏறும் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்கு இறங்கிவிடும்.

"என்ஜினுக்குத் தண்ணி ஊத்தணும். தண்ணி எறைக்கிற உங்க காத்தாலை சுத்த மாட்டேங்குதே மச்சான்?"

"சக்கரப் பல்லுல மண்ணு ஏறியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஆர்லி ஏணியை எடுக்கப் போனான்.

"அதுக்கெதுக்கு ஏணி? ப்ரூயிட் வீட்டுல அடிகுழாய் இருக்கே" என்றாள் வெல்டா.

ஆர்லி திரும்புவதற்குள் அவள் இரண்டு வாளியோடு பாதி தூரம் போய்விட்டாள். "நான் போறேன் வெல்டா! நீ நில்லு!" என்று கத்தினான். அவள் திரும்பாமலே வாளியை ஆட்டினாள்.

குழாய் அந்த வீட்டுக்குப் பின்னால். முன்பக்கம் போக வேண்டிய தேவையில்லை. போகமாட்டாள் என்று நினைத்தான். ஆனால் அவன் நேற்று கதவைச் சாத்தாமல் வந்திருந்தான். திறந்து கிடக்கும் கதவைப் பார்த்துவிட்டு சாத்தாமல் வருகிற பெண்பிள்ளை அந்த ஊரில் கிடையாது. வெல்டா வாளிகளைக் கீழே வைப்பதும், படியேறுவதும், உள்ளே போவதும் அவனுக்குச் சின்னதாகத் தெரிந்தது. வெளியே வர அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது.

திரும்பி வந்தபோது இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் எதையோ தட்டையாக முடிந்து செருகியிருந்தாள். தண்ணீரை டாயலிடம் கொடுத்தாள். ஆர்லியைப் பார்க்கவேயில்லை. லாரியின் பின்பக்கம் ஏறி, நோரினை மடியில் போட்டுக்கொண்டு, "எடு வண்டிய" என்றாள்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஆர்லி திரும்பிப் பார்த்தான். ஒரே மாதிரி இரண்டு வீடு. இரண்டிலும் புகையில்லை. கொஞ்ச தூரம் போனதும் எது தன்னுடையது என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை.

இரண்டு நாள் அவள் அவனிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் டாயலைப் பார்த்து, "வேணாம்னு சொல்லு" என்பாள். நடுவில் மாட்டிக்கொண்ட டாயல், "நான் லாரி ஓட்டுறதா, தபால் குடுக்குறதா?" என்று அலுத்துக்கொண்டான். அவளுக்கு எது தெரியும், எது தெரியாது என்று புரியாமல் ஆர்லி மைல் மைலாக வெந்துகொண்டிருந்தான். சொல்லிவிடலாமென்றால் என்ன சொல்வது? தப்பான வீட்டுக்குப் போனது தப்பில்லை. அதற்கப்புறம் நடந்ததற்கு அவனிடமே விளக்கம் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், நியூ மெக்சிகோவைப் பாதி தாண்டி, ஒரு வாய்க்கால் பக்கமாக லாரியை நிறுத்தினார்கள். தண்ணீர் ஓடும் வாய்க்கால். நோரின் அதைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றாள். அன்று காலையிலிருந்து இரண்டே தடவைதான் இருமியிருந்தாள். ஆர்லி எண்ணிக்கொண்டுதான் வந்தான். டாயல் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தண்ணீர் ஓரமாகப் போனான்.

வெல்டா மூன்று கல் வைத்து பீன்ஸ் சட்டியை ஏற்றினாள். தரையில் விரிப்பைப் போட்டாள். மூட்டையிலிருந்து நீலக்கட்டம் போட்ட துணியை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு தட்டு இருந்தது. அதை விரிப்பின்மேல், அவனுக்கு எதிரே கவிழ்த்து வைத்தாள்.

"ஒத்தத் தட்டுதான் இருந்துச்சா அங்க?" என்றாள். மூன்று நாளில் அவனிடம் நேராகக் கேட்ட முதல் வார்த்தை.

"இருட்டு. எத்தனை இருந்துச்சுன்னு தெரியல."

"நாலு இருந்துச்சு. நீ ஒண்ண எடுத்திருக்க."

"நம்ம வீடுன்னு நெனச்சேன் வெல்டா. பழைய எண்ணிக்கையிலயே எண்ணி நடந்துட்டேன். உள்ள ஒண்ணுமே இல்ல. நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

"அது தெரியுது. போயிட்டோம்னு நெனச்ச. நெனச்சிட்டு?"

"சாப்பிட்டேன்."

"அப்புறம்?"

"தூங்கினேன்."

அவள் சட்டியைக் கிளறினாள். "என்ன தோணுச்சு உனக்கு? பொய் சொல்லாத. கலப்பைக்கு அடியில போய்ப் படுக்காத."

ஆர்லி வாய்க்காலைப் பார்த்தான். பிள்ளையின் சிரிப்பு கேட்டது. இந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. எழாவிட்டாலும் சொன்னான்.

"நிம்மதியா இருந்துச்சு. ஏன்னு எனக்குத் தெரியல. நிம்மதியாத்தான் இருந்துச்சு."

வெல்டா கரண்டியைச் சட்டியில் சாய்த்து வைத்தாள். அழப்போகிறாள், இல்லை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தான். அவள் உள்ளங்கையில் காய்ந்துகொண்டிருந்த கொப்புளத்தின் தோலை மெல்ல உரித்துக்கொண்டிருந்தாள்.

"டாயல் ஆறு மணி நேரம்னு சொன்னான்ல? நான் அடிச்சது மூணு மணி நேரந்தான். அப்புறம் கழுதைங்க வந்துச்சு. வாரு அறுந்து தொங்குது. நீ செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். கரண்டிய அவன் கையில குடுத்துட்டு உள்ள வந்து ஒக்காந்தேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? இனி யாருகிட்டயும் கெஞ்ச வேணாம். புள்ளையத் தூக்கிக்கிட்டு நாளைக்கே கெளம்பிரலாம்னு." உரித்த தோலைத் தீயில் போட்டாள். "அழுக அதுக்கு அப்புறந்தான் வந்துச்சு ஆர்லி."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதற்குக் கோபப்படுவதா, மன்னிப்புக் கேட்பதா, கேட்பதென்றால் யார் யாரிடம் கேட்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பத்து வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய முகம் அவனுக்குத் தெரியாதவள் முகம் மாதிரியும் இருந்தது, தன் முகம் மாதிரியும் இருந்தது.

டாயலும் நோரினும் வரும் சத்தம் கேட்டது. வெல்டா மற்ற மூன்று தட்டுகளையும் எடுத்து வரிசையாக வைத்தாள். அவளையறியாமல் அவற்றையும் கவிழ்த்துத்தான் வைத்தாள்.

"அம்மா, இங்கதான் தூசியே இல்லையே" என்றாள் நோரின்.

"ஆமா, இல்ல" என்று அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்தி பீன்ஸ் ஊற்றினாள். பிள்ளைக்கு, தம்பிக்கு, தனக்கு. பிறகு கரண்டியைச் சட்டிக்குள் விட்டு நிறைய மொண்டு, கையிலேயே பிடித்துக்கொண்டு ஆர்லியைப் பார்த்தாள். அவன் தட்டு இன்னும் கவிழ்ந்தே கிடந்தது.

"நிமித்து" என்றாள். "சூடு ஆறிடும்."

அவன் தட்டை எடுத்தான். பழக்கத்தில் சட்டைக் கையால் ஒரு தடவை துடைத்தான். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. நிமிர்த்திப் பிடித்தான்.